கார்டில் ஏறிய பெயர்

அம்மா பெரியவளுக்கு போன் செய்தால் ஏதோ வேலை இருக்கிறது என்று அர்த்தம். "எப்படி இருக்கே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் தொண்டையைக் கனைத்தால், வேலை பெரியது என்று அர்த்தம். அன்றைக்கு இரண்டு முறை கனைத்தாள்.

"சனிக்கிழமை சின்னவளுக்குக் கட்டில், மெத்தை எல்லாம் பார்க்கப் போறோம். நீயும் வந்தா நல்லா இருக்கும்."

"எனக்கு அன்னைக்கு ஷிப்ட் இருக்கும்மா."

"அரை நாள்தானே? முடிச்சிட்டு வா. துணி, பஞ்சு, தையல் எல்லாம் உனக்குத்தான் தெரியும். எங்க கண்ணுக்கு எல்லாமே ஒண்ணுதான்." கொஞ்சம் நிறுத்தி, போகிற போக்கில் ஞாபகம் வந்த மாதிரி சொன்னாள்: "அப்புறம், அந்தக் கடை கார்டு உன் நம்பர்லதானே இருக்கு? போனை மறக்காம எடுத்துட்டு வா."

ஆக, துணியும் இல்லை, பஞ்சும் இல்லை. கார்டு. பெரியவளுக்குப் புரிந்துவிட்டது. இருந்தும் சரி என்றாள். சரி என்று சொல்வதற்கென்றே வளர்த்த வாய் அது.

பெரியவளுக்கு ரெடிமேட் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளை மேஜையில் விரித்து, காலர் கோணலா, பட்டன் துளை பிரிந்திருக்கிறதா, ஒரு கை நீளம் ஒரு கை குட்டையா என்று பார்த்து, கழுத்தில் தொங்கும் இஞ்ச் டேப்பால் அளந்து தள்ள வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு சட்டை. பதினோரு வருஷமாக அவள் கண்ணுக்குத் தப்பிய தையல் இல்லை. மேனேஜரே அவளைக் கண்டால் ஒதுங்கிப் போவார். வீட்டில்தான் அவளை யாரும் சட்டை செய்வதில்லை.

சின்னவள் பிறந்தபோது பெரியவளுக்கு ஆறு வயது. அன்று ஆரம்பித்தது. "நீ பெரியவதானே, விட்டுக் கொடு." பென்சில் பெட்டி, ஜன்னலோரப் படுக்கை, காலேஜ் பணம், எல்லாம் இந்த ஒரு வாக்கியத்தில் கைமாறின. சின்னவள் கெட்டவள் என்று சொல்ல முடியாது. கேட்பாள். "தர்றியாக்கா?" என்று முகத்தைச் சாய்த்துக்கொண்டு கேட்பாள். கேட்டு வாங்குகிறவளைத் திருடி என்று எப்படிச் சொல்வது? "எடுத்துக்க" என்று சொல்லிச் சொல்லியே பெரியவளுக்கு முப்பத்து நாலு வயதாகிவிட்டது.

இனி அந்தக் கார்டு. ஒன்றேகால் வருஷத்துக்கு முன், ஏழு மாத வயிற்றோடு, பெரியவளே அதே கடையில் ஒரு குழந்தைக் கட்டிலும் இழுப்பறை அலமாரியும் மெத்தையும் வாங்கியிருந்தாள். கட்டில் வாங்கினால் கடைக்காரர்கள் ஒரு கார்டு போடுவார்கள். வாங்குகிறவளின் போன் நம்பர், குழந்தை பிறக்கப்போகும் தேதி, அவ்வளவுதான் அப்போதைக்கு. பிறந்த பிறகு வந்து பெயரையும் சரியான தேதியையும் சொன்னால் கார்டை அச்சடித்துத் தருவார்கள். 

அவள் சொல்லப் போகவில்லை. குறித்த தேதிக்கு மூன்று வாரம் முன்பே குழந்தை பிறந்தது. பெண். அழவில்லை. டாக்டர் ஏதேதோ சொன்னார். கொடி சுற்றிக்கொண்டது என்று மட்டும் அவள் காதில் விழுந்தது. நர்ஸ் ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, பத்து நிமிஷம் கையில் கொடுத்தாள். அப்புறம் வாங்கிக்கொண்டு போனாள். ஆஸ்பத்திரித் தாளில் பெயர் என்ற இடத்தில் "பெண் சிசு" என்று எழுதியிருந்தது.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தபோது குழந்தையின் அறையில் இஸ்திரி மேஜை நின்றுகொண்டிருந்தது. கட்டில், அலமாரி, மெத்தை, அவளே தைத்து மடித்து வைத்திருந்த ஆறு விரிப்புகள், ஒன்றையும் காணோம். "நீ பார்த்தா தாங்க மாட்டேன்னு நானும் மாப்பிள்ளையும் காலி பண்ணிட்டோம்" என்றாள் அம்மா. யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, "யாரோ. அதை விடு" என்றாள். அன்று விட்டதுதான். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் குழந்தை என்ற பேச்சை எடுக்கவில்லை. எடுக்காமல் இருப்பது அவள் மேலுள்ள அன்பு என்று எல்லோரும் சேர்ந்து முடிவு கட்டிவிட்டார்கள்.

கடைக்கு மட்டும் விஷயம் தெரியாது. மாதாமாதம் போனில் மெசேஜ் வந்தது. "உங்கள் குட்டிக்கு மூன்று மாதம்! கவிழ ஆரம்பித்தாச்சா?" "ஏழு மாதம்! முதல் பல் எட்டிப் பார்க்குதா?" புருஷன் ஒருநாள் பார்த்துவிட்டு, "இந்த நம்பரை பிளாக் பண்ணித் தொலையேன்" என்றான். பண்ணுகிறேன் என்றாள். பண்ணவில்லை. குழந்தை இறந்து ஒரு வருஷம் ஆன அன்று அம்மா போன் செய்தாள். நாள் ஞாபகம் இருக்கிறது என்று நினைத்து இவள் "சொல்லும்மா" என்றதும், சின்னவளுக்குக் கால் வீங்கியிருக்கிறது, வெந்நீரில் உப்புப் போடலாமா என்று கேட்டாள். மூன்று வாரம் கழித்து கடைதான் "குட்டிக்கு இன்று ஒரு வயது!" என்று பலூன் படம் போட்டு அனுப்பியது. தப்பான தேதி. ஆனாலும் ஒரு ஜீவனாவது வயதை எண்ணிக்கொண்டிருந்தது. பெரியவள் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

சனிக்கிழமை மதியம் கடை வாசலில் மூன்று பேரும் சேர்ந்தார்கள். சின்னவள் ஏழு மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு அம்மாவின் கைத்தாங்கலில் வந்தாள். முகம் மினுமினுவென்று இருந்தது. பெரியவளுக்கு அவளைப் பார்த்ததும் பொறாமை வந்தது, அதற்குப் பின்னாலேயே பயமும் வந்தது. எது முதலில் வந்தது என்பதில் அவளுக்கே வெட்கம்.

இரண்டாம் மாடி முழுக்கக் கட்டில்கள். சின்னவள் நேராக ஒரு வெள்ளைக் கட்டிலிடம் போய் நின்றாள். ஏற்கனவே போனில் பார்த்து மனசில் குடிவைத்துவிட்ட கட்டில். அதன் உள்ளே நாலு பக்கமும் பஞ்சு வைத்த சுற்று மெத்தை, கொசுவம் வைத்த தலையணை, தடித்த போர்வை, எல்லாம் முயல் படம் போட்டு ஜோடியாக.

பெரியவள் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். கை தானாகப் போய்விட்டது. கம்பிகளுக்கு நடுவே வைத்துப் பார்த்தாள். ஆறு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மெத்தைக்கும் கட்டில் சட்டத்துக்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு விரல் நுழையவில்லை.

"கட்டில் நல்ல கட்டில்தான்" என்றாள். "மெத்தையும் கெட்டியா இருக்கு. இந்தச் சுத்து மெத்தையும் தலையணையும் மட்டும் வேண்டாம். மூஞ்சி அதுல புதைஞ்சிடும். போர்வையும் வேண்டாம். அடியில ஒரு விரிப்பு, அதுவும் இழுத்துச் சொருகினது, போதும்."

"ஏண்டி, வாயைத் திறந்தா இப்படித்தான் பேசணுமா?" என்று அம்மா அவள் முழங்கையைக் கிள்ளினாள்.

"உள்ளதைச் சொல்றேம்மா."

சின்னவள் கொசுவத் தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். ஆசைப்பட்டதை யாராவது வேண்டாம் என்றால் அவளுக்கு மூக்கு சிவக்கும். "எல்லாத்தையும் அளந்து அளந்து பார்த்துத்தானேக்கா நீயும் வாங்கினே?" என்றாள்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது போல. சட்டென்று திரும்பி விலைச் சீட்டைப் படிக்க ஆரம்பித்தாள். அம்மா அடுத்த கட்டிலைத் தட்டிப் பார்த்தாள். பெரியவள் டேப்பைச் சுருட்டினாள். எப்போதும் ஒரே சுற்றில் சுருட்டுகிறவளுக்கு அன்று மூன்று தடவை அவிழ்ந்தது.

அதற்குள் விற்பனைக்காரர் வந்துவிட்டார். வெள்ளைக் கட்டிலுக்கு இப்போது ஆர்டர் கொடுத்தால் பத்து வாரம் ஆகும் என்றார்.

"எட்டு வாரத்துல குழந்தையே வந்துடும்பா" என்றாள் அம்மா.

"கார்டு உள்ளவங்களுக்குன்னு நாலஞ்சு பீஸ் தனியா வெச்சிருப்போம்மா. அதுல எடுத்துக்கலாம். ஏற்கனவே எங்ககிட்ட கட்டில் வாங்கி, குழந்தை விவரம் பதிஞ்சவங்க யாராவது..."

"இதோ, என் பெரிய பொண்ணு இருக்காளே" என்று அம்மா பெரியவளின் முதுகில் கைவைத்து முன்னால் தள்ளினாள்.

பெரியவளின் கட்டிலை வைத்திருக்கலாமே என்று, சின்னவள் உண்டானபோது அவள் புருஷன் கேட்டதற்கு, "ஐயோ, அந்தக் கட்டில் ஆகவே ஆகாது" என்று காதைப் பொத்திக்கொண்டவள் இதே அம்மாதான். கட்டிலுக்கு ராசி உண்டு, கார்டுக்கு இல்லை போலிருக்கிறது. வேண்டும் என்றால் எதற்கும் தீட்டு இல்லை.

கவுன்ட்டரில் இருந்த பெண்ணுக்கு நல்ல முகம். அதுதான் வினை. கடுகடுத்த முகமாக இருந்திருந்தால் பெரியவள் பாதியில் திரும்பியிருப்பாள். நம்பரைத் தட்டியதும் அந்தப் பெண்ணின் கண் விரிந்தது.

"ஒண்ணேகால் வருஷம் ஆச்சு மேடம், நீங்க விவரம் கொடுக்கவே இல்லையே! அதான் கார்டு பாதியில நிக்குது. பாப்பா எப்படி இருக்கு?"

பெரியவள் வாயைத் திறந்தாள். அதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நல்லா இருக்கா. பொண்ணு. ஓடியாடி விளையாடுறா."

பெரியவள் திரும்பிப் பார்த்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். பதின்மூன்று மாதத்தில் தன் பேத்தியைப் பற்றி அம்மா சொன்ன முதல் வார்த்தை "நல்லா இருக்கா." நானூறு நாள் இந்த வாயிலிருந்து ஏதாவது வராதா என்று காத்திருந்ததற்கு இது கூலி. சின்னவள் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பா பேர் சொல்லுங்க மேடம்."

அம்மா நெருங்கி வந்து காதோடு சொன்னாள்: "ஏதாவது ஒரு பேரைச் சொல்லித் தொலையேண்டி. எல்லாரும் பார்க்கிறாங்க."

ஏதாவது ஒரு பேராம். அவளிடம் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. ஐந்தாம் மாதத்தில், சட்டைக் குவியலுக்கு நடுவில், குழந்தை முதல்முறையாக உதைத்த அன்று வந்த பெயர். புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் அந்தப் பத்து நிமிஷத்தில் குழந்தையின் காதில் ஒருதரம் சொன்னாள், அவ்வளவுதான். கட்டில் போயிற்று, விரிப்புகள் போயின, அறை போயிற்று. யாருக்கும் தெரியாத காரணத்தால் பெயர் மட்டும் பிழைத்துக் கிடந்தது.

சொன்னாள். கோபமா, ஆசையா, இன்னும் அவளுக்குத் தெரியாது. எங்கேயாவது ஓரிடத்தில் அது எழுத்தாக இருக்கட்டும் என்று தோன்றியது, சொல்லிவிட்டாள். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கடையில் ஒருமுறை சொன்னதற்கே பட்டது போதும்.

"அழகான பேரு மேடம்! பிறந்த தேதி?"

உண்மையான தேதியைச் சொன்னாள். "அடடா, நாங்க மூணு வாரம் லேட்டா எண்ணிட்டிருக்கோம். இனிமே மெசேஜ் கரெக்டா வரும்" என்று அந்தப் பெண் தட்டினாள். மிஷின் ரீங்கரித்து, இளஞ்சிவப்பில் ஒரு கார்டைத் துப்பியது. மூலையில் குட்டிப் பாதம். நடுவில் பெயர். பெரியவள் கை நீட்டுவதற்குள், கட்டில் வாங்கிக்கொள்ள அது வேண்டும் என்று சின்னவள் வாங்கிக்கொண்டாள்.

கட்டிலைக் கீழே இறக்கிக் கட்ட அரை மணி நேரம் ஆகும் என்றார்கள். மூன்று பேரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முயல் படம் போட்ட சுற்று மெத்தையும் தலையணையும் அம்மாவின் மடியில் பையில் இருந்தன. அதையும் வாங்கிவிட்டிருந்தார்கள்.

சின்னவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பெயரை வாய்விட்டுப் படித்தாள். அப்புறம் அடுத்த அறையில் இருக்கிற குழந்தையைக் கூப்பிடுவது போல, கடைசி எழுத்தை நீட்டி, இன்னொரு தரம் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தப் பெயரை உலகத்தில் ஒருவர் கூப்பிட்டுக் கேட்பது அதுதான் முதல் தடவை. இவ்வளவு நன்றாக இருக்கும் என்று பெரியவள் நினைக்கவில்லை.

"எப்படிக்கா டக்குன்னு வந்துச்சு?" என்றாள் சின்னவள். "நானும் அவரும் நாலு மாசமா தலையைப் பிச்சுக்கிறோம், ஒண்ணும் அமையல. பொண்ணா பொறந்தா இதையே வெச்சிடவா?"

"நல்ல பேருதான்" என்றாள் அம்மா. "வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் நல்லதா சொல்லியிருக்கா."

சின்னவள் முகத்தைச் சாய்த்தாள். "தர்றியாக்கா?"

எடுத்துக்க என்ற வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. அத்தனை வருஷப் பழக்கம் லேசில் விடுமா? பெரியவள் அதை மென்று விழுங்கினாள்.

"அது வாய்க்கு வந்த பேர் இல்ல. என் பொண்ணு பேரு. அஞ்சாம் மாசமே வெச்சேன். ஆஸ்பத்திரியில அவ காதுல சொல்லித்தான் அனுப்பினேன்."

ரோட்டில் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பெரியவள் தங்கையின் முகத்தையே பார்த்தாள். ஒரு "அப்படியாக்கா?" போதும் என்று இருந்தது. தோளில் ஒரு கை விழுந்தால்கூடப் போதும்.

சின்னவள் கார்டைப் பெஞ்சில் வைத்தாள். விரல் நுனியால் அதை அக்கா பக்கம் தள்ளினாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். துடைத்தது அவளுக்கே தெரியுமோ என்னவோ. இன்னொரு கை வயிற்றின் மேல் போயிருந்தது.

"அம்மா, ரெண்டு தடவை கூப்பிட்டுட்டேனேம்மா" என்றாள்.

"ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகாதுடா கண்ணு" என்று அம்மா அவள் வயிற்றைத் தடவினாள். தடவிக்கொண்டே பெரியவள் பக்கம் திரும்பினாள். "உனக்கு அறிவு இருக்கா? நல்ல காரியத்துக்கு வந்த இடத்துல, போனதோட பேரைப் போய்ச் சொல்லுவாங்களா?"

"நீதானேம்மா நல்லா இருக்கான்னு சொன்னே?"

அம்மா எழுந்து நின்றாள். "அந்தக் கட்டில் வேண்டாம். அந்தக் கார்டுல வாங்கினது எதுவும் நமக்கு வேண்டாம். வா, திருப்பிடலாம்."

கவுன்ட்டர் பெண் குழம்பிப் போனாள். கட்டிலில் ஏதாவது குறையா என்று கேட்டாள். "மனசுக்குப் பிடிக்கல" என்றாள் அம்மா. சரி என்று அந்தப் பெண் தட்டினாள். அப்புறம் நிமிர்ந்து, "கார்டையும் எடுத்துடவா மேடம்? எடுத்தா பாப்பா விவரமும் சேர்ந்து போயிடும்" என்றாள்.

"எடுத்துடும்மா" என்றாள் அம்மா. "சுத்தமா எடுத்துடு."

"கூடாது."

பெரியவள் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. சுற்று மெத்தை வாங்க நின்ற ஒரு தம்பதி திரும்பிப் பார்த்தார்கள்.

"கட்டிலை எடுத்துக்கங்க. கார்டு என் பொண்ணோடது. அது இருக்கணும்."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். சின்னவள் லிஃப்ட் பக்கம் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். இனி அந்தப் பெயரை அவள் கேட்க மாட்டாள். அந்த வீட்டில் யாருமே கேட்க மாட்டார்கள். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொருள் பெரியவளுக்கே பெரியவளுக்கு என்று மிஞ்சியது. யாரும் தொட அருவருக்கிற பொருள் என்பதால் மிஞ்சியது.

"இருக்கட்டும் மேடம், கோவிச்சுக்காதீங்க" என்றாள் கவுன்ட்டர் பெண் சமாதானமாக. நல்ல முகம், சிரித்தது. "அடுத்த மாசம் கார்டுக்கு முதல் ஷூ இலவசமா தர்றோம். பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க, கால் அளவு எடுக்கணும்."

"அளவு எங்கிட்ட இருக்கு" என்றாள் பெரியவள்.

அந்தப் பத்து நிமிஷத்தில் அவள் குழந்தையின் பாதத்தைத் தன் நடுவிரலோடு சேர்த்து வைத்துப் பார்த்திருந்தாள். எந்த ரேகை வரை வந்தது என்று நினைவில் வைத்திருந்து, வீட்டுக்கு வந்த அன்று, இஸ்திரி மேஜை நின்ற அந்த அறையில் உட்கார்ந்து, விரலை டேப்பில் வைத்து அளந்தாள்.

"ஏழு சென்டிமீட்டர்."

அந்தப் பெண் தட்டப் போன விரலை நிறுத்தினாள். "பதிமூணு மாசத்துக்கு ஏழா? ரொம்பச் சின்னதா இருக்கே மேடம். வளர்ந்திருக்கும், இன்னொரு தரம் அளந்து பாருங்க."

"வளரல" என்றாள் பெரியவள். "ஏழுன்னே போடுங்க."